தில்லை இலையும் பிச்சாவரத்துச் சேறும்

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டும் வெள்ளாறு, புவனகிரி வழியே ஓடிப் பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. அந்த முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே பிச்சாவரம் அலையாத்திக் காடு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அதில் நெல் கருகிவிடும், இங்கே மரம் தழைக்கிறது.

அலையாத்தி மரங்கள் உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். சுரபுன்னை இதில் கெட்டி. வெண்கண்டலோ, மீறி உள்ளே வந்த சோடியத்தையும் குளோரைடையும் இலைச் சுரப்பிகள் வழியே கக்கிவிடும். வெயிலில் அந்த இலையைத் தடவினால் விரலில் ஒட்டும் பொடி நாக்கில் கரிக்கும். தில்லை மரத்திடம் இந்த விளையாட்டு வேண்டாம்: அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

சிதம்பரத்தின் தல மரமான தில்லைக்கு உப்புச் சுரப்பி கிடையாது. பழுத்த இலையில் உப்பை ஏற்றி உதிர்த்துவிடுகிறது என்பார்கள். அழகான விளக்கம்தான். ஆனால் அலையாத்தி மரங்களில் செய்த சில அளவீடுகளில், பழுத்த இலையின் உப்புச் செறிவு முற்றிய பச்சை இலையைவிடப் பெரிதாகக் கூடவில்லை. இலையோடு உப்பும் போகிறது. அதற்காகவே உதிர்க்கிறது என்பதுதான் சந்தேகம். உதிரும் முன் நைட்ரஜன், பாஸ்பரஸில் கணிசமான பங்கை மரம் திரும்ப இழுத்துக்கொள்ளும். கால்சியம் அப்படி நகராது, இலையோடு விழும். நண்டு தின்றது போக மிச்சம் சேற்றில் மட்கும்.

காற்றுப் புகாத அந்தச் சேற்றில் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனால்தான். அது இரும்போடு சேர்வதால் சேறு கறுக்கிறது. வெண்கண்டலின் மூச்சுவேர்கள் வழியே இறங்கும் ஆக்ஸிஜன் கசியும் இடத்தில் மட்டும் இரும்பு துருவாகி வேர்மேல் படியும். வேறு சில உலோகங்களையும் அந்தத் துரு பிடித்துவைக்கும்.

இந்தக் காட்டைக் கெடுத்தது கடல் உப்பல்ல, தேங்கிய தண்ணீர். ஆங்கிலேயர் காலந்தொட்டு 1970-கள் வரை பகுதி பகுதியாக மரம் வெட்டப்பட்டது. வெட்டவெளியான தரை காய்ந்து தாழ்ந்தது. கடல் ஏற்றத்தில் புகுந்த நீர் வடிய வழியின்றி ஆவியாக, உப்பு ஏறிக்கொண்டே போய், உப்பைத் தாங்கும் உமரிச் செடி மட்டும் மிஞ்சியது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி, நீர் வந்துபோக வழிசெய்து, கன்று நட்டன.

வெள்ளாற்றில் நன்னீர் தாராளமாக இறங்குவது வடகிழக்குப் பருவமழையில்தான். அப்போது உப்பு குறையும், கோடையில் ஏறும். பிச்சாவரத்து இலை, மண் ஆய்வு எதைப் படித்தாலும், மாதிரி எடுத்த மாதத்தை முதலில் பாருங்கள்.