பந்தயப் பணமும் விரிதாட் கணக்கும்

சூதாடி நாடிழந்த தருமனின் கதையை நாம் இளமை முதலே கேட்டு வருகின்றோம். பகடை இருந்த இடத்தில் இன்று உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் வந்துள்ளன. பணயம் வைப்போரின் நம்பிக்கை மட்டும் மாறவில்லை. கணினி கைவந்தபின் அந்நம்பிக்கைக்குக் கணக்கின் துணையும் சேர்ந்திருக்கின்றது. அக்கணக்கு யாது, எவ்வளவு தூரம் அது துணைசெய்யும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

1946ஆம் ஆண்டில் ஸ்தனிஸ்லாவ் உலாம் என்னும் கணித மேதை, நோயினின்றும் தேறிவந்த நாளில், தனியே சீட்டாடிக்கொண்டிருந்தார். ஆட்டம் கைகூடுவதற்குரிய நிகழ்தகவைச் சூத்திரங்களாற் காண்பதிலும், பன்முறை ஆடிப்பார்த்து எண்ணிவிடுவதே எளிதன்றோ என அவருக்குத் தோன்றிற்று. சூதாட்ட மண்டபத்தாற் பெயர்பெற்ற மொன்டே கார்லோவின் பெயரே இம்முறைக்கு வழங்கலாயிற்று.

அன்று பெருங்கணினிகள் செய்ததை இன்று வீட்டுக் கணினியின் விரிதாளே செய்துவிடும். இங்கிலாந்தில் நடைபெறும் உதைபந்தாட்டம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். சொந்த மைதானத்தில் ஆடும் அணி சராசரியாக 1.5 கோலும், எதிரணி 1 கோலும் போடும் என வைத்துக்கொள்வோம். புவசோன் பரம்பலின்படி, முதலணி கோல் எதுவும் போடாதிருக்க நூற்றுக்கு 22 பங்கும், ஒரு கோல் போட 33 பங்கும், இரண்டு போட 25 பங்கும் வாய்ப்புண்டு. விரிதாள் எழுமாறாக ஓர் எண்ணைத் தந்து, அது எப்பங்கில் விழுகின்றது என்று பார்த்துக் கோல்களைக் குறிக்கும். இவ்வாறு 10,000 ஆட்டங்களை ஆடுவித்தால், ஏறத்தாழ 4,880இல் முதலணி வெல்லும். 2,600 சமநிலையில் முடியும். 2,520இல் எதிரணி வெல்லும்.

இதன்படி 100 பவுண் கட்டியவருக்கு, முதலணி வென்றால் 205 பவுணும், சமநிலையானால் 385 பவுணும், எதிரணி வென்றால் 397 பவுணும் திரும்பக் கிடைப்பதே நியாயமாகும். ஆனால் பந்தயக் கடைக்காரர் 195, 365, 375 என்று குறைத்தே விலை கூறுவாராயின், எதன்மேற் கட்டினும் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பவுண் சராசரியாக நம் கையை விட்டுப் போகும். எவ்வணி வென்றாலும் கடை வாழ்வதன் இரகசியம் இதுவே.

நம் கணக்குக் கடைக்காரரின் கணக்கிலும் திருத்தமானதாயின் வெல்லலாமன்றோ எனச் சிலர் வினவுவர். அவரும் கணக்கில் வல்லாரையே வைத்திருக்கின்றார். அன்றியும், ஆட்டங்களைப் பத்தாயிரத்தினின்றும் இலட்சமாகப் பெருக்கினால் எழுமாற்றினால் வரும் வழு குறையும். நாம் முதலில் வைத்துக்கொண்ட 1.5 பிழையாயின், அப்பிழை அணுவளவும் குறையாது. 2015-16 பருவத்தின் தொடக்கத்தில் லெஸ்டர் சிற்றி அணிக்குச் சில கடைகள் ஒன்றுக்கு 5,000 என விலை கூறின. 2016 மே மாதத்தில் அவ்வணியே வாகை சூடிற்று. பழைய ஆட்டங்களைக் கொண்டு புதியதை அளப்போர் எவராயினும் இவ்வாறு தவறக்கூடும்.

ஆகவே பந்தயத்தில் மனம் வைத்தோர் அதே விரிதாளில் வேறொரு கணக்கையும் எழுதுவாராக. இவ்வாண்டு கட்டிய பணம் ஒரு நிரலில். திரும்பிய பணம் மறு நிரலில். இதற்குப் பரம்பலும் வேண்டா, எழுமாற்று எண்ணும் வேண்டா. கூட்டலும் கழித்தலுமே போதும். விடையை இல்லத்தார்க்கும் காட்டுதல் நன்று.