சாய்தளமும் நீலகிரிப் பற்சட்டமும்

பலகையொன்றின் மேல் தீப்பெட்டியை வைத்து, ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். பெட்டி சிறிது நேரம் அசையாது கிடக்கும். குறிப்பிட்ட சாய்வை எட்டியதும் வழுக்கிவிடும். அதன் மேல் இன்னொரு பெட்டியை அடுக்கி மீண்டும் செய்யுங்கள். எடை இருமடங்கு, வழுக்கும் சாய்வோ ஏறக்குறைய அதேதான்.

சாய்தளத்தில் எடை இரு கூறாகப் பிரிகிறது. ஒன்று தளத்தை அழுத்துகிறது. மற்றொன்று சரிவின் வழியே கீழே இழுக்கிறது. அழுத்தும் கூற்றைப் பொறுத்தே உராய்வின் அளவு அமைகிறது. ஆதலால் எடை ஏற ஏற இழுப்பும் வளர்கிறது, பிடிப்பும் அதே விகிதத்தில் வளர்கிறது.

இழுப்புக்கு ஓர் எடையும் பிடிப்புக்கு வேறோர் எடையும் பொறுப்பானால் என்னாகும்? நீலகிரி மலை இருப்புப்பாதையில் நிகழ்வது அதுதான். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சில இடங்களில் அப்பாதை 12.28 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுகிறது. ஐந்து பாகைக்கும் குறைந்த சாய்வு! கண்ணுக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றாது. உலர்ந்த எஃகின் மேல் எஃகு கொள்ளும் பிடிப்பு எடையில் ஏறத்தாழக் கால் பங்கு. இச்சரிவின் இழுப்போ பன்னிரண்டில் ஒரு பங்கே. சக்கரங்களைப் பூட்டி நிறுத்திய வண்டி அங்கே நழுவாது நிற்கும். ஏறுவதுதான் இடர்.

இழுபொறி 50 டன், பெட்டிகள் 100 டன் எனக் கொள்வோம். சரிவு 150 டன்னையும் இழுக்கிறது: அதற்கு ஈடான விசை சுமார் 12 டன். மேலே தள்ளும் பிடிப்பை இழுபொறியின் எடை மட்டுமே தர இயலும். 50இல் கால் பங்கு, பன்னிரண்டரை டன். வெயில் காயும் நாளிலேயே இவ்வளவுதான் மிச்சம். மழையும் நசுங்கிய சருகும் படிந்த தண்டவாளத்தில் பிடிப்பு பாதியாகச் சரியும். சக்கரம் வழுக்கத் தொடங்கிவிட்டால் உராய்வு இன்னும் குறையும். நின்ற இடத்திலேயே சக்கரம் வீணே சுழலும்.

இங்கேதான் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை துணைக்கு வந்தது. தண்டவாளங்களின் நடுவே இரண்டு பற்சட்டங்கள். ஒன்றில் பல் இருக்குமிடத்தில் மற்றதில் பள்ளம். எனவே இழுபொறியின் பற்சக்கரம் எக்கணமும் ஒரு பல்லையேனும் பற்றியிருக்கிறது. எனக்கு இவ்வமைப்பில் மிகவும் பிடித்தது அந்த ஒழுங்குதான். இழுபொறியும் முன்னின்று இழுப்பதில்லை. கீழ்முனையில் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் அதன்மீதே சாய்ந்து நிற்கும்.

1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் வண்டி ஓடத் தொடங்கியது. குன்னூருக்கு மேல் சரிவு தணிகிறது. அங்கே பற்சட்டம் முடிந்து, வெறும் உராய்வே வண்டியை உதகைக்கு ஏற்றிச் செல்கிறது.