பனி இறங்கினால் மணக்கும் அவரை!
காவேரிப்பட்டினத்து வீடுகளில் மார்கழியும் தையும்

பெயரிலே காவேரி இருக்கிறது. ஊரிலே காவேரி இல்லை!

காவேரிப்பட்டினம் என்று சொன்னதும் வெளியூர்க்காரர்கள் பூம்புகாரை நினைத்துக்கொள்வார்கள். கண்ணகி பிறந்த அந்தப் பட்டினம் கடற்கரையில் இருக்கிறது. இது வேறு பட்டினம். கிருஷ்ணகிரியில் இருந்து தருமபுரிக்குப் போகிற வழியில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கிறது. 1767-ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படை, வெள்ளைக்காரர்களிடம் இருந்து இந்த ஊர்க் கோட்டையைப் பிடித்தது. அதெல்லாம் பழைய கதை.

மார்கழி மாதத்தில் இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள், கோட்டையைப் பற்றிப் பேசமாட்டார்கள். அவரைக்காயைப் பற்றித்தான் பேசுவார்கள்!

சந்தையில் சாக்குச் சாக்காக அவரைக்காய். தள்ளுவண்டியில் அவரைக்காய். வீட்டுத் திண்ணையில், முறத்தில், கூடையில் அவரைக்காய். தெருவில் நடந்தால் ஒரு பச்சை வாசனை மூக்கைத் துளைக்கும். புதிதாக வந்தவருக்கு அந்த வாசனை கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும். இரண்டு நாள் சாப்பிட்டால் போதும். பிறகு அது இல்லாத குழம்பு குழம்பாகவே தோன்றாது.

இது நாம் பொரியலுக்கு நறுக்கும் பட்டை அவரை அல்ல. அதன் பங்காளி. தோலை எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் கொட்டையைச் சாப்பிடுவது இது. காய்ந்த பிறகு இதற்கு மொச்சை என்று பெயர். பச்சையாக இருக்கும்போது இந்தப் பக்கத்து ஜனங்கள் அவரைக்கொட்டை என்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கன்னடத்தில் இது "அவரெ". பேர் மாறினாலும் ருசி மாறவில்லை.

நேற்று வந்த பயிரும் அல்ல இது. கர்நாடகத்தில் புதிய கற்கால மக்கள் வாழ்ந்த இடங்களைத் தோண்டியபோது, கரிந்துபோன அவரை விதைகள் கிடைத்தன. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தென்னாட்டு அடுப்பில் அவரை வெந்துகொண்டிருக்கிறது!

கணக்குத் தெரிந்த செடி

ஆடி மாதத்து மழையில் கேழ்வரகு விதைப்பார்கள். எட்டு, பத்துச் சால் கேழ்வரகுக்கு நடுவே ஒரு சால் அவரை போடுவார்கள்.

கேழ்வரகு மளமளவென்று வளரும். அவரை சும்மா கொடி வீசிக்கொண்டு நிற்கும். ஆவணியில் பூக்காது. புரட்டாசியில் பூக்காது. கார்த்திகையில் கேழ்வரகை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோன பிறகும் அவரை மட்டும் வயலில் நிற்கும். மழை நின்றுவிடும். பனி இறங்கும். அப்போதுதான் செடி முழுக்கப் பூவும் பிஞ்சுமாகக் குலுங்கும்.

"அவரை பனியைக் குடித்துக் காய்க்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பனி உதவுவது உண்மைதான். ஆனால் ஆழமாகப் போகும் வேரும், அது மண்ணுக்கு அடியில் இருந்து இழுக்கும் ஈரமும்தான் செடியைக் காப்பாற்றுகின்றன.

சரி, மார்கழி வந்தது என்று செடிக்கு எப்படித் தெரியும்?

இரவின் நீளத்தை வைத்துத் தெரியும்! கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஜூன் மாதப் பகலைவிட டிசம்பர் மாதப் பகல் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் குறைவு. இரவு நீண்டால்தான் நாட்டு அவரை பூக்கும். செடிகளுக்கு இப்படி ஒரு கணக்கு உண்டு என்பதை 1920-ஆம் ஆண்டில் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் எழுதினார்கள். அவர்கள் பார்த்தது ஒரு புகையிலைச் செடியை. நம் ஊர் உழவர்கள் அவரையைப் பார்த்தே அதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்!

வாசனைக்குக் காரணம் காயின் தோல். அதில் எண்ணெய் போல ஒரு பசை கசியும். காயைப் பறித்தால் விரலில் ஒட்டும். குளிர்காலத்துக் காயில் இந்தப் பசை நன்றாக இருக்கும். கன்னடக்காரர்கள் இதைச் "சொகடு" என்கிறார்கள். சந்தையில் காய் வாங்கும் பெண்கள் முதலில் விலை கேட்பதில்லை. ஒரு காயை எடுத்து முகர்ந்து பார்க்கிறார்கள். பிறகுதான் பேரம்!

கட்டை விரல் வேலை

காயை உரிப்பது பாதி வேலை. மீதி வேலை பிதுக்குவது.

உரித்த கொட்டையை இரவு தண்ணீரில் போட்டுவைக்கவேண்டும். காலையில் கொட்டை உப்பி இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால், மேல்தோல் கையில் நிற்கும். பருப்பு "டப்" என்று பாத்திரத்தில் விழும். இதுதான் பிதுக்குப் பருப்பு.

கேட்பதற்குச் சுலபம். ஒரு படி பருப்பு பிதுக்கிப் பாருங்கள், தெரியும்! கட்டை விரல் சுருங்கிவிடும். நகக்கண் எரியும். அதனால் இந்த வேலையை யாரும் தனியாகச் செய்வதில்லை. சாப்பாடு முடிந்த பிறகு திண்ணையில் கூடிவிடுவார்கள். மாமியார், மருமகள், பக்கத்து வீட்டு அக்கா, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஊர்க் கதை முழுவதும் அந்தத் தாம்பாளத்தில் விழும்.

"ஏம்மா, பருப்பு உன் வாய்க்குள்ளே போகுதா, ஏனத்துக்குள்ளே போகுதா?" என்று பாட்டி பேத்தியை அதட்டுவாள். "எண்ணிக்கிட்டு இருக்கேன், பாட்டி!" என்று பேத்தி சிரிப்பாள்.

இதிலே காசும் இருக்கிறது. காய்க்கு ஒரு விலை. உரித்த கொட்டைக்கு அதைவிடக் கூடுதல் விலை. பிதுக்கிய பருப்புக்கு அதற்கும் மேலே. பெங்களூர் போன்ற நகரத்தில் பிதுக்கிய பருப்புக்கு நல்ல கிராக்கி. அங்கே அவரைக்கென்றே ஆண்டுதோறும் ஒரு மேளா நடக்கிறது. அவரைத் தோசை, அவரை உப்புமா போதாது என்று அவரை ஜிலேபி வரைக்கும் செய்து விற்கிறார்கள். ஜிலேபி எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துப் பாட்டிகளிடம் கேட்டால், அவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள்!

குழம்பும் களியும்

குழம்பு வைக்கும் முறை இது.

தேங்காய், கசகசா, சோம்பு, பட்டை, கிராம்பு ஆகியவற்றை நைசாக அரைத்துக்கொள்ளவேண்டும். எண்ணெயில் வெங்காயம், இஞ்சி, பூண்டு, தக்காளி போட்டு வதக்கவேண்டும். மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் சேர்த்துத் தண்ணீர் விட்டுக் கொதித்ததும், பிதுக்குப் பருப்பைப் போடவேண்டும். பருப்பு வெந்து மலர்ந்ததும் அரைத்த விழுதைச் சேர்த்து, மேலும் ஒரு கொதி விட்டு இறக்கவேண்டும். கரண்டியால் அடிக்கடி கிளறினால் பருப்பு உடைந்து கூழாகிவிடும். பிதுக்கின பாடெல்லாம் வீண்!

சோற்றுக்கும் இது நல்ல குழம்புதான். ஆனால் இதற்கு முறையான ஜோடி கேழ்வரகுக் களி.

நொய் அரிசியைக் கொதிக்க விட்டு, அது குழைந்ததும் கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டுவார்கள். உடனே கிண்டமாட்டார்கள். மாவின் நடுவில் துடுப்பால் குழி செய்து, மூடி வைத்து வேக விடுவார்கள். பிறகு பானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கட்டியில்லாமல் கிண்டுவார்கள். அதற்குத் தோளில் பலம் வேண்டும். ஈரத் தட்டில் வைத்து உருட்டினால் பளபளவென்று உருண்டை வந்து நிற்கும். அதைப் பிட்டு, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கவேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும். பழகாதவர்கள் மென்றுவிட்டுப் பழி போடுகிறார்கள்.

நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசி இதற்குப் பக்கத்தில்கூட வராது. பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும், வளரும் குழந்தைகளுக்கும் வேண்டிய சத்து அது. களி தின்பது ஏழைகளின் பழக்கம் என்று ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதே ஆண்டு, தருமபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. அவரைக்கொட்டையைப் பச்சையாகத் தின்னக்கூடாது. காய்ந்த மொச்சையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதில் உடம்புக்கு ஆகாத சில பொருள்கள் இருக்கின்றன. இரவு முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாக வேகவைக்கவேண்டும். அப்படிச் செய்தால் பயம் இல்லை.

வாசலிலே ஒரு வேலை

அடுப்படியில் இந்த வேலை என்றால், வாசலில் வேறு வேலை. மார்கழி விடியலில் சாணம் தெளித்து, மாக்கோலம் போட்டு, நடுவில் சாண உருண்டை வைத்து, அதன் தலையில் பூசணிப் பூவைச் செருகுவார்கள். பூ வாடினாலும் உருண்டையை எறியமாட்டார்கள். வறட்டியாகத் தட்டிக் காயவைப்பார்கள். பொங்கல் அன்று அடுப்பில் அதுவும் எரியும்.

புது வைக்கோல் வந்துவிட்டால் பிரிமணை செய்வார்கள். வைக்கோலைப் பிரியாக முறுக்கி, வட்டமாகச் சுற்றி, மேலே வைக்கோலாலேயே இறுக்கிக் கட்டவேண்டும். அதன்மேல் பானையை வைத்தால் ஆடாது, உருளாது. காசு கொடுத்து வாங்கும் எந்த ஸ்டாண்டும் இவ்வளவு நன்றாக உட்காராது.

மாட்டுப் பொங்கல் நெருங்கும்போது ஆண்களின் கைகளுக்கும் வேலை வந்துவிடும். எருது விடும் விழாவுக்கு, வண்ணக் காகிதமும் துணியும் ஒட்டி, கொம்பில் கட்டும் அலங்காரத் தட்டி செய்வார்கள். ஓடுகிற எருதின் கொம்பில் இருந்து அதைப் பறிப்பவன் அன்றைக்கு ஊருக்கு ராஜா!

விதைப் பானை

இவ்வளவுக்கும் ஆதாரம் பரண்மேல் இருக்கும் ஒரு பானை.

தை முடிவில், நன்றாகக் காய்த்த சில கொடிகளைப் பறிக்காமல் விட்டுவிடுவார்கள். நெற்று காய்ந்ததும் விதை எடுத்து வெயிலில் காயப்போடுவார்கள். செம்மண்ணைத் தண்ணீரில் குழைத்து, விதைகளை அதில் புரட்டி, மறுபடி காயவைப்பார்கள். பிறகு பானையில் போட்டு, சாம்பல் தூவி, வாயை மண்ணால் மூடிவிடுவார்கள்.

எதற்கு இவ்வளவு பாடு? வண்டுக்காக! பருப்பு வண்டு விதையின் மேல்தோலில் முட்டை வைக்கும். புழு உள்ளே துளைத்துப் போகும். இரண்டே மாதத்தில் விதை சல்லடையாகிவிடும். செம்மண் பூசினால் வண்டுக்கு முட்டை வைக்க வழுவழுப்பான இடம் இல்லை. சாம்பல் இடுக்குகளை அடைத்துவிடுவதால் அது நடமாடவும் முடியாது.

ஒரு வருஷம் பானையில் வண்டு விழுந்துவிட்டால், அந்த வீட்டு விதை போய்விட்டது என்று அர்த்தம். மாமியாருக்கு மாமியார் காலத்து மணம் அதோடு போய்விடும். கடையில் விதை கிடைக்கத்தான் செய்கிறது. பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இரவின் கணக்குப் பார்க்காத "ஹெப்பால் அவரை"யை உண்டாக்கினார்கள். அது எந்தப் பருவத்திலும் காய்க்கும். உழவருக்கு அதனால் நல்ல லாபம். சித்திரையிலும் அவரை விற்கலாம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கோடைக் காயை முகர்ந்து பார்க்கும் பாட்டி, ஒன்றும் சொல்லாமல் கூடையிலேயே போட்டுவிடுகிறாள்.

விதைக்கு வண்டு என்றால், வேலைக்கு இன்னொரு சிக்கல். பிதுக்குவதற்குக் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று தொழிற்சாலைகள் பெருகின. இப்போது கைபேசிப் பாகங்கள் செய்யும் டாட்டா தொழிற்சாலையில் மட்டும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். மாதச் சம்பளம் வருகிறது. தம்பி படிப்புக்கும், வீட்டுக் கடனுக்கும் அந்தப் பணம் உதவுகிறது. திண்ணையில் உட்கார்ந்து பருப்பு பிதுக்கி அவ்வளவு சம்பாதிக்க முடியாது. வேலையை விட்டுவிட்டு வா என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள். சொல்லவும் கூடாது.

அதனால் தாய்மார்கள் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். மகள் பொங்கல் லீவுக்கு வரும் நாளைக் கணக்குப் பார்த்து, முதல் நாள் இரவே கொட்டையை ஊறப்போட்டுவிடுகிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவள், முகம் கழுவிவிட்டு நேரே தாம்பாளத்துக்கு முன்னால் உட்காரவேண்டியதுதான். பகலெல்லாம் நுணுக்கமான பாகங்களைப் பொருத்திப் பழகிய விரல்கள். பருப்பு வேகமாகத்தான் விழுகிறது!

லீவு முடிந்து திரும்பும்போது எவர்சில்வர் டப்பா நிறையப் பிதுக்குப் பருப்பு. விடுதியில் கூட இருக்கும் பெண்களுக்கும் சேர்த்து அம்மா கட்டிக்கொடுத்தது.

"அம்மா, விதை எடுத்து வைத்தாயா?" என்று வாசலில் நின்று மகள் கேட்கிறாள்.

"மேற்காலே நாலு கொடி விட்டிருக்கேன். மாசிக்கு நெத்தாயிடும். செம்மண்ணுக்குத்தான் ஆள் இல்லை."

"மாசியிலே ஒரு ஞாயிற்றுக்கிழமை வர்றேன். நான் கொண்டுவந்து தர்றேன்" என்கிறாள் மகள். பஸ் வந்துவிடுகிறது.