கரிசல் காட்டுக்கும் ஒரு என்ஜினீயர்

விருதுநகர் மாவட்டம் ஆலங்குளம் என்றால் 1970-ல் தொடங்கிய சிமெண்டு ஆலைதான் நினைவுக்கு வரும். என்ஜினீயர் என்றாலே ஆலை வேலை என்று நினைப்பவர்களும் உண்டு. மண்ணையும் மழைநீரையும் காக்கும் என்ஜினீயர்களும் இருக்கிறார்கள். அவர்களே வேளாண்மைப் பொறியாளர்கள்.

ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர். ஐப்பசி மழை அடித்துப் பெய்யும்போது இது மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடைக்குப் போகிறது. மண்ணோடு போட்ட உரமும் போகிறது. மானாவாரிப் பருத்தி வாடுகிறது.

நிலத்தின் சரிவை அளந்து, சம உயர வரப்பு எங்கே போடுவது, மிகுதி நீர் வழிய எங்கே வழி விடுவது, பண்ணைக்குட்டையை எங்கே வெட்டுவது என்று கணக்கிட்டுச் சொல்வது இவர்கள் வேலை. மட்டம் தவறிய வரப்பு தாழ்ந்த இடத்தில் உடைத்துக்கொண்டு, பள்ளம் பறித்துவிடும்.

இதற்கான நான்காண்டுப் படிப்பு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோவை, குமுளூர் பொறியியல் கல்லூரிகளில் உள்ளது. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். ஆகவே, பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதை இப்போதே யோசியுங்கள்.

உங்கள் காட்டில் வரப்போ குட்டையோ போடுமுன், வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் யோசனை கேளுங்கள்.