பருப்புத் தண்ணி போதாது: குழந்தைக்குத் திட உணவை எப்போது, எப்படித் தொடங்குவது?

26 வார மகப்பேறு விடுப்பு என்றால் ஏதோ ஆறு மாதம் முழுக்கக் குழந்தையோடு இருக்கலாம் என்று தோன்றும். ஆனால் அந்த 26 வாரத்தில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ள முடியும். நான்கு வாரம் முன்னதாக விடுப்பில் போனவர், குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும்போது மீண்டும் லேப்டாப் முன்னால் உட்கார வேண்டியிருக்கும். பெங்களூரோ, புனேவோ, குருகிராமோ, அந்த நேரத்தில் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இப்பவே கொஞ்சம் கஞ்சி பழக்கிட்டா என்ன? நீ ஆபீஸ் போனா பாப்பா பசியில அழாதே!"

அம்மா அல்லது மாமியார் அக்கறையில் சொல்வதுதான். ஆனாலும் அந்த ஒரு மாதம் பொறுத்திருப்பது நல்லது. அதே சமயம், ஆறு மாதம் முடிந்த பிறகு ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இந்தியாவில் அதிகம் பேசப்படாத பிரச்சினை இந்த இரண்டாவதுதான்.

"ஆறு மாசம் நடக்குது" என்றால் எத்தனை மாதம்?

நம் பேச்சு வழக்கில் "ஆறு மாசம் நடக்குது" என்றால் குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்து ஆறாவது மாதம் ஓடுகிறது என்று அர்த்தம். மருத்துவர் சொல்லும் ஆறு மாதம் என்பது ஆறு மாதம் *முடிந்து*, அதாவது 180 நாட்கள் ஆன பிறகு. வீட்டில் பாதிக் குழப்பம் இங்கேதான் வருகிறது. பிறந்த தேதியில் இருந்து 180 நாட்களை எண்ணி, காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனமும் இந்திய அரசின் வழிகாட்டுதலும் அதுவரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்கின்றன. தண்ணீர்கூட வேண்டாம். சீக்கிரம் தொடங்கினால் வயிற்றுப்போக்குக்கு வாய்ப்பு கூடுகிறது. கஞ்சியில் வயிறு நிறைவதால் பால் குடிப்பது குறைய, தாய்க்குப் பால் சுரப்பும் குறையும். நான்கு மாதக் குழந்தை கையைச் சப்புவதும் இரவில் அடிக்கடி விழிப்பதும் "சோறு கேக்குது" என்பதற்கான அறிகுறி இல்லை. அந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் செய்வதுதான் அது.

தலை ஆடாமல் நிற்கிறதா? பிடித்து உட்கார வைத்தால் உட்காருகிறதா? வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் உள்ளே வாங்குகிறதா? தயார் என்பதற்கு இவைதான் அடையாளம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள், மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

இடைப்பட்ட வாரங்களுக்குப் பிழிந்து எடுத்த தாய்ப்பால் கைகொடுக்கும். ஃபிரிட்ஜின் உள்பகுதியில் நான்கு நாட்கள் வரை வைக்கலாம் (கதவில் வைக்க வேண்டாம், அங்கே குளிர்ச்சி நிலையாக இருக்காது). வெளியே 25 டிகிரிக்குள் என்றால் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் அந்த நான்கு மணி நேரத்தை நம்பாமல் எடுத்த உடனே ஃபிரிட்ஜில் வைப்பதே பாதுகாப்பு. இன்னொன்று, 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய் வரலாம் என்பது 2017-ல் வந்த சட்டத் திருத்தம். எத்தனை ஹெச்.ஆர். இதைத் தானாகச் சொல்கிறார்கள் என்பது வேறு கதை. நீங்களே கேளுங்கள்.

நல்ல நாளுக்காகக் காத்திருக்கலாமா?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் தாய்ப்பாலோடு திட அல்லது அரைத்திட உணவும் பெறுபவர்கள் சுமார் 46 சதவீதம்தான். 6 முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகளில் போதுமான உணவு கிடைப்பது சுமார் 11 சதவீதம் பேருக்கு. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

இதற்கு வறுமை ஒரு காரணம். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. சோறூட்டும் சடங்கு நாடு முழுக்க இருக்கிறது. கேரளத்தில் குருவாயூரில் சோறூணு, வங்காளத்தில் முகே பாத், நம்மிடம் அன்னப்பிராசனம். பல குடும்பங்களில் ஆண் குழந்தைக்கு இரட்டைப்படை மாதம், பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதம் என்று கணக்கு. குலதெய்வம் கோயில் ஊரில் இருக்கும், லீவு கிடைக்காது, தாய்மாமா துபாயில் இருந்து வர வேண்டும்... எட்டாவது மாதம் ஆகிவிடும். சடங்கை எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

காரணம் இரும்புச்சத்து. பிறக்கும்போது குழந்தை உடலில் சேமித்துக்கொண்டு வரும் இரும்புச்சத்து ஆறு மாத வாக்கில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. மூளை வேகமாக வளரும் காலமும் இதேதான். அதனால்தான் 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இரு முறை 1 மி.லி. இரும்புச்சத்து சிரப் கொடுக்கும் திட்டத்தை அரசு நடத்துகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாமலே போகிறது. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு கெட்டியாக?

"பருப்புத் தண்ணி குடு, ஈஸியா செரிக்கும்." முதல் வாரத்தில் எல்லா வீட்டிலும் கேட்கும் வசனம். வட இந்தியாவில் தால் கா பானி, நம் வீட்டில் பருப்புத் தண்ணி, சோறு வடித்த கஞ்சி. சிக்கல் என்னவென்றால், அதில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

குழந்தையின் வயிறு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மி.லி. கொள்ளும். ஏழு கிலோ குழந்தைக்கு ஒரு டம்ளர் அளவு, அவ்வளவுதான். தாய்ப்பாலோடு சேர்த்து, 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு உணவில் இருந்து தினமும் 200 கலோரி வேண்டும். 9 முதல் 11 மாதத்தில் 300, ஒரு வயதுக்கு மேல் 550. சின்ன வயிற்றைத் தண்ணீரால் நிரப்பினால் இது எட்டாது. பருப்பைத் தண்ணீரோடு அல்ல, பருப்பாகவே மசித்துக் கொடுக்க வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் மெதுவாக விழும் பதம்தான் சரி. அதில் அரை ஸ்பூன், ஒரு ஸ்பூன் நெய் விட்டால் அளவு கூடாமலே கலோரி கூடும்.

முதல் நாள் இரண்டு, மூன்று ஸ்பூன். மெதுவாகக் கூட்டி, எட்டு மாதத்துக்குள் அரைக் கிண்ணம் (250 மி.லி. கிண்ணத்தில் பாதி), தினமும் இரண்டு அல்லது மூன்று வேளை. ஒன்பது மாதத்துக்குப் பிறகு மூன்று, நான்கு வேளை, நடுவில் ஒரு சின்னத் தீனி. மிக்ஸியில் மாவாக அரைப்பதை எட்டு மாத வாக்கில் நிறுத்திவிடுங்கள். கையால் மசித்தது, பிறகு கையில் பிடித்துச் சாப்பிடும் இட்லித் துண்டு, வேகவைத்த கேரட். ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு. அரைத்ததிலேயே பழகிய குழந்தை பின்னால் மெல்ல மறுக்கும்.

எதைக் கொடுக்கலாம்?

கேழ்வரகுக் கூழ், பருப்பு சாதம், கிச்சடி, கேரளத்து நேந்திரங்காய்ப் பொடிக் கூழ், மசித்த வாழைப்பழம்... எதில் தொடங்கினாலும் சரி. ஒரு புது உணவை இரண்டு, மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்ததைச் சேருங்கள். 'இதே உணவு, இன்னும் ஒரு மாதம்' என்று நின்றுவிட வேண்டாம். முளைகட்டிய கேழ்வரகு, கீரை, பருப்பு ஆகியவற்றில் உள்ள இரும்பு உடலில் சேர, இரண்டு சொட்டு எலுமிச்சை உதவும். அசைவ வீடென்றால் நன்றாக வெந்த முட்டை (வெள்ளைக்கருவும் சேர்த்துத்தான்), முள் நீக்கிய மீன், வேகவைத்து மசித்த ஈரல் எல்லாம் ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கலாம். "ஒரு வயசுக்கு முன்னாடி முட்டை கூடாது" என்பது பழைய அறிவுரை.

வேர்க்கடலை விஷயத்திலும் அறிவுரை தலைகீழாக மாறியிருக்கிறது. ஒவ்வாமைக்குப் பயந்து தள்ளிப்போடச் சொன்ன காலம் போய், லண்டனில் 640 குழந்தைகளிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு, முதல் வயதிலேயே கொடுத்த குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை 80 சதவீதம் வரை குறைந்ததைக் காட்டியது. நைஸாக அரைத்துக் கூழில் கலந்து கொடுக்கலாம். குழந்தைக்குக் கடுமையான தோல் அழற்சி இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். முழுக் கடலை, முழுத் திராட்சை, பாப்கார்ன் போன்றவை ஐந்து வயது வரை வேண்டாம். தொண்டையில் அடைக்கும்.

தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் பச்சிளம் குழந்தைக்கு நரம்பைத் தாக்கும் நோயை உண்டாக்கும். நாக்கில் தடவும் சம்பிரதாயத் தேனும் இதில் அடக்கம். உப்பு, சர்க்கரையும் ஒரு வயது வரை தேவையில்லை. இரண்டு வயது வரை சேர்க்கும் சர்க்கரையைத் தவிர்க்கச் சொல்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான், மன்னிக்கவும். பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு என்பதால் ஒரு வயது வரை தாய்ப்பாலுக்குப் பதிலாக அதைக் கொடுக்க வேண்டாம். தயிர் கொடுக்கலாம்.

பாக்கெட் உணவு வாங்கும்போது முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்க லேபிளைப் படியுங்கள். சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின், பழச்சாறு அடர்வு எல்லாம் ஒரே குடும்பம். பயண நாளுக்கு ஒரு பாக்கெட் பரவாயில்லை, தினசரிக்கு வேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான உணவை விளம்பரம் செய்ய இந்தியாவில் சட்டம் தடை விதித்திருக்கிறது. இன்ஸ்டாவில் 'மாம் ரிவ்யூ' என்று வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

துப்பினால்?

முதல் சில நாட்கள் பாதிக்கு மேல் கன்னத்திலும் பிப்பிலும்தான் இருக்கும். ஓர் உணவைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து முறைகூட ஆகலாம். வாயைத் திருப்பினால் விட்டுவிட்டு நாளை மீண்டும் கொடுங்கள். மொபைலில் பாட்டுப் போட்டு ஊட்டினால் வாய் திறக்கும், ஆனால் வயிறு நிறைந்தது குழந்தைக்கே தெரியாது. ஓங்கரிப்பது இயல்பு, சத்தம் வரும், முகம் சிவக்கும். சத்தமே வராமல், இருமவும் முடியாமல், உதடு நீலம் பாரித்தால் அது மூச்சடைப்பு. ஊட்டும் எல்லோரும் அதற்கான முதலுதவியை முன்பே கற்றிருக்க வேண்டும்.

சோறு தொடங்கியதும் பால் மறக்கடிக்கத் தேவையில்லை. இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம். ஆபீஸ் நாட்களில் காலையும் இரவும் பால், பகலில் உணவும் பிழிந்த பாலும் என்று பிரித்துக்கொள்பவர்கள் நிறைய.

பகலில் ஊட்டப்போவது பாட்டியோ, டே கேர் அக்காவோ என்றால் "நல்லா ஊட்டுங்க" என்பதோடு நிறுத்தாதீர்கள். குழந்தைக்கென்று ஒரு கிண்ணம், ஒரு ஸ்பூன் தனியாக வையுங்கள். மாலையில் "சாப்பிட்டாளா?" என்று கேட்டால் "சாப்பிட்டா" என்றுதான் பதில் வரும். "கிண்ணத்துல எவ்வளவு மீதி இருந்துச்சு?" என்று கேளுங்கள். சமைத்து இரண்டு மணி நேரம் வெளியே இருந்ததைக் கொட்டிவிடச் சொல்லுங்கள். ஒன்பதாவது மாதம் முடிந்து தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசிக்குப் போகும்போது எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறித்து வாங்குங்கள். கோடு மேலே போகாமல் படுத்திருந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள்.