ஜூரி அழைப்பும் ஜனங்களின் தயக்கமும்

அமெரிக்காவில் வாழும் பிரஜைக்கு என்றைக்காவது ஒரு நாள் கோர்ட்டிலிருந்து தபாலில் ஒரு சம்மன் வரும். வாக்காளர் பட்டியல், மோட்டார் லைசென்ஸ் பட்டியல் முதலியவற்றிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த பெயர்களுள் அவருடையதும் ஒன்று என்றும், இன்ன தேதியில் ஆஜராகி, தேர்வானால் ஜூரியில் அமர்ந்து, தமக்கு முன்பின் தெரியாத ஒருவர் குற்றவாளியா அல்லவா என்று பிரமாணத்தின்மேல் சொல்ல வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கும். சாமானிய மனிதன் கையில் ஜனநாயகம் ஒப்படைக்கும் அதிகாரங்களுள் இதனினும் பெரியது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறவர்களுள் அநேகருக்கு முதலில் எழும் நினைப்பு, இதிலிருந்து எப்படித் தப்பிப்பது என்பதுதான். உடம்பு சரியில்லை என்று எழுதிப்போடுகிறவர்கள் உண்டு. கடிதமே வராததுபோல் பேசாமல் இருந்துவிடுகிறவர்களும் உண்டு. மத்திய அரசாங்கத்துக் கோர்ட்டின் சம்மனைத் தகுந்த காரணமின்றிப் புறக்கணித்தால் 1,000 டாலர் வரை அபராதமும் 3 நாள் வரை சிறைவாசமும் விதிக்கலாம் என்று சட்டம் இருந்தும், அந்தப் பயம் எல்லோரையும் அழைத்துவந்துவிடவில்லை.

ஜனங்களுக்குச் சுயநலம் மிகுந்துவிட்டது என்று சொல்லி இதை முடித்துவிடுவது சுலபம். நான் அதற்கு உடன்படமாட்டேன். ஒரு கடமையின் பாரத்தை யார் தலையில் எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைப் பார்க்காமல், அதைச் சுமக்கத் தயங்குகிறவனை மட்டும் நிந்திப்பது நியாயமாகாது.

பொதுக் காரியத்திலிருந்து நழுவுவது இக்காலத்து வழக்கமும் அன்று. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில், ஏதென்ஸ் நகரத்து மகாசபை கூடும் நாளில், சந்தை வெளியில் பேசிக்கொண்டு நிற்கும் பிரஜைகளைச் சிவப்புச் சாயம் தோய்த்த நீண்ட கயிற்றால் வளைத்து, சபை கூடும் குன்றை நோக்கிச் சேவகர்கள் ஒதுக்கிக்கொண்டு போவது உண்டு. அதே நகரத்தில் வழக்கு விசாரிக்கும் மன்றங்களுக்கென்று வருஷந்தோறும் 6,000 பேர் பதிவாகியிருந்தார்கள். மன்றத்தில் அமர்பவருக்கு, அந்நகரத்துத் தலைவர் பெரிக்ளீஸ் ஏற்படுத்திய தினப்படி கிடைத்தது. முதலில் 2 ஓபல் நாணயம், பின்னர் 3 ஓபல். திடகாத்திரமான உழைப்பாளியின் கூலிக்கு அது ஈடாகாது என்றாலும், ஏழைக் கிழவர்களுக்கு அன்றைய ஆகாரத்துக்குக் காணும்.

இன்று அமெரிக்க மத்திய அரசாங்கத்துக் கோர்ட்டில் ஜூரிக்கு நாளொன்றுக்கு 50 டாலர் படி. மாகாணக் கோர்ட்டுகளில் இதனினும் குறைவாகக் கொடுப்பவை பல; டெக்ஸாஸில் 2006 வரையில் 6 டாலர்தான். மாதச் சம்பளக்காரருக்கு இது ஒரு பொருட்டாகாமல் இருக்கலாம். ஹோட்டலில் பாத்திரம் தேய்த்து மணிக்கணக்கில் கூலி பெறும் ஒரு தாயாரை எண்ணிப் பாருங்கள். ஜூரிக்குப் போன குற்றத்துக்காக அவளை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று சட்டம் காப்பாற்றுகிறது. ஆனால் வராத நாளுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும் என்ற விதி பெரும்பாலான மாகாணங்களில் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி, காலை எட்டு மணிக்கு வந்து சேர்ந்தால், பெரிய கூடத்தில் நூறு பேரோடு மத்தியானம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு பெயர் சொல்லி அழைத்து, நாலு கேள்வி கேட்டு, இரு கட்சி வக்கீல்களுள் ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் வீட்டுக்குப் போகலாம். முன்னாளில் இப்படி வாரக்கணக்கில் வந்து காத்துக்கிடக்க நேர்ந்தது. ஒரு நாள் வந்து தேர்வாகாவிட்டால் கடமை தீர்ந்தது, தேர்வானால் ஒரே ஒரு வழக்கோடு தீர்ந்தது என்னும் ஏற்பாடு மாஸசூஸெட்ஸ் முதலிய இடங்களில் வந்த பிறகே இந்தக் கஷ்டம் தணிந்தது.

இவற்றையெல்லாம்விட என் மனத்தை உறுத்துவது வேறொன்று. நியூயார்க் மாகாணத்தில் நெடுங்காலமாக வக்கீல்கள், வைத்தியர்கள், பாதிரிமார்கள், போலீஸார், மருந்துக்கடைக்காரர்கள் என்று ஒரு நீண்ட ஜாபிதாவுக்கு இந்தக் கடமையிலிருந்து விலக்கு இருந்தது. படித்தவர்களும் செல்வாக்குள்ளவர்களும் கௌரவமாக ஒதுங்கிக்கொள்ள வழி செய்துவிட்டு, மிஞ்சியவர்களிடம் இது பாக்கியம் என்று உபதேசித்தால் யார் நம்புவார்கள்? பிரதம நீதிபதி ஜூடித் கே எடுத்துக்கொண்ட முயற்சியால் 1996-ல் அந்த விலக்குகள் அத்தனையும் ரத்தாயின. நியூயார்க் நகர மேயராக இருந்த ரூடி ஜியூலியானியே 1999-ல் ஜூரியில் அமர்ந்தார். முன்னாள் ஜனாதிபதி ஒபாமா 2017-ல் சம்மனுக்குக் கட்டுப்பட்டுச் சிகாகோ கோர்ட்டில் மற்றவர்களைப் போலவே ஆஜரானார். வழக்குக்குத் தேவைப்படாமல் திரும்பிப் போனார்.

வராதவர்கள் எல்லோரையும் பணமும் பொழுதும்தான் தடுக்கின்றன என்பதும் இல்லை. ஒரு மனிதனின் வாழ்வைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் பயம் சிலரை நிஜமாகவே வாட்டுகிறது. தீர்ப்புச் சொன்னதற்காக ஜூரிகளையே தண்டித்த காலமும் இருந்தது. 1670-ல் லண்டனில், வீதியில் பிரசங்கம் செய்த வில்லியம் பென் என்பவரைத் தண்டிக்க மறுத்த பன்னிரண்டு ஜூரிகளை ஆகாரமும் தண்ணீரும் நெருப்பும் இன்றி இரண்டு இரவு பூட்டிவைத்தார்கள். அப்பொழுதும் மசியாததால் அபராதம் விதித்துச் சிறைக்கு அனுப்பினார்கள். அவர்களுள் புஷெல் என்பவர் தொடுத்த வழக்கில்தான், தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கலாகாது என்று நிலைநாட்டப்பட்டது. நம் சென்னை ஹைகோர்ட்டிலும் ஜூரிகள் அமர்ந்த காலம் உண்டு. பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில், சினிமா நடிகர்களான தியாகராஜ பாகவதரையும் என். எஸ். கிருஷ்ணனையும் 1945-ல் குற்றவாளிகள் என்றவர்கள் ஜூரிகளே. லண்டனில் இருந்த மேல் முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய், 1947-ல் இருவரும் விடுதலையாவதற்குள் பாகவதரின் கலைவாழ்வு சரிந்துவிட்டிருந்தது. 1973-ம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு நம் நாட்டில் அந்த முறையே போய்விட்டது.

அமெரிக்காவில் ஜூரியாக இருந்து முடித்தவர்களைக் கேட்டால், அவர்களுள் பெரும்பாலோர் அந்த அனுபவத்தை நல்லபடியாகவே சொல்லுகிறார்கள். ஆகையால் அழைத்துவருவதுதான் சிரமம். கலிபோர்னியா மாகாணத்தின் பொது விதிப்படி முதல் நாளுக்குப் படி கிடையாது, இரண்டாம் நாள் முதல் 15 டாலர். ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் மட்டும் 2022-ல், குறைந்த வருமானமுள்ள ஜூரிகளுக்குப் பரீட்சார்த்தமாக நாளொன்றுக்கு 100 டாலர் கொடுக்கத் தொடங்கினார்கள். அதைப் பெற்றவர்களுள் மிகப் பெரும்பாலோர், இந்தப் பணம் இல்லாவிட்டால் தங்களால் அமர்ந்திருக்கவே முடியாது என்று தெரிவித்தார்கள்.