கருவாடும் உதைபந்தும்

உடப்புக் கரையிலே கரைவலை இழுத்து ஓய்ந்தபின், உதைபந்தாட்ட அன்பர்கள் பேசுபவை இரண்டு: கருவாட்டின் பக்குவம் ஒன்று, நாளைய முன்கள வீரன் யார் என்பது மற்றொன்று. முன்னதில் பின்னதற்கும் பாடம் உண்டு.

மீனைக் கெடுக்கும் கிருமிகள் வளர ஈரம் வேண்டும். உப்பு அந்த ஈரத்தை வெளியே இழுக்கிறது, வெயில் உலர்த்துகிறது. மாலைதீவு மக்கள் சூரையை அவித்து, புகையூட்டி, வெயிலிற் காயவைத்து மாசிக்கருவாடு ஆக்குகின்றனர். புகை கிருமிகளைத் தடுப்பதோடு, கொழுப்புக் காறாமலும் காக்கிறது. ஆனால் தீ மிஞ்சினால் மேற்புறம் கருகும். உள்ளே ஈரம் தங்கிவிடும்.

இளம் வீரனின் நிலையும் அதுவே. 1995இல் கொழும்பில் இந்தியாவை 1–0 என வென்று இலங்கை பெற்ற தெற்காசியக் கிண்ணம், பின்னர் நமக்குக் கிட்டவில்லை. ஆகவே நம்மவர் அவசரம் விளங்குகிறது. எனினும், 14 வயதிலே 2 கோல் போட்டவனை நாள்தோறும் பெரியவர்களின் ஆட்டத்தில் இறக்குவது தகாது. அவ்வயதில் எலும்பின் முனைகள் இன்னும் வளர்கின்றன. ஓய்வற்ற உழைப்பு முழங்காலிலும் குதிகாலிலும் நோவு தரும்.

பெற்றோர்களே, ஆட்டத்தைத் தடுக்க வேண்டா; பள்ளியையும் நிறுத்த வேண்டா. வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வு கொடுங்கள். மட்டான தீயிலேதான் மாசி பக்குவமாகும்.